கடற்காற்றும் பழைய வண்டியும்

1948இல் நிறுவப்பெற்ற அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் பாகங்களை இணைத்து ஆஸ்டின் கார்களை வெளியிட்டது. அக்காலத்துக் காரோ ஜீப்போ வைத்திருக்கும் மீஞ்சூர், அத்திப்பட்டு விவசாயிகளுக்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு.

இப்பகுதியின் உப்புக்காற்று அடிச்சட்டத்தை உள்ளிருந்தே அரிக்கும். மேலே வர்ணமோ பளபளக்கும். சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். கெட்ட இடம் ஒலியின்றி அமுங்கும். துருவின்மேல் தகடு ஒட்டுவது வீண் வேலை. நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி நீக்கி, அதே கனமுள்ள எஃகுத் தகட்டை வெல்டிங் செய்தல் வேண்டும். வலுவுக்காக மேலே வைக்கும் தகட்டின் முனையைச் சரிவாக வெட்டுக. நேராக வெட்டினால் பாரம் அந்த ஒரே கோட்டில் விழுந்து சட்டம் பிளக்கும். பாட்டரியையும் பெட்ரோல் டாங்கியையும் முன்னதாகவே கழற்றிவிடுக.

பிரேக் குழாய்களில் சிக்கனம் ஆகாது. பழைய வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய்ப் பாதை ஒன்றே. ஒரு குழாய் வெடித்தால், துறைமுக லாரிகளுக்கு நடுவே கைப்பிரேக்கைத் தவிர வேறு துணையில்லை! ஆகவே ஒன்று துருப்பிடித்திருப்பினும் அனைத்தையும் மாற்றுக. மலிவான செம்புக் குழாய் அதிர்வில் இறுகி வெடிக்கும். எஃகு அல்லது செம்பு நிக்கல் கலவைக் குழாயே தகும். புதிய பிரேக் எண்ணெய் ஊற்றிக் காற்றை வெளியேற்றியபின், ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றொருவர் ஒவ்வோர் இணைப்பிலும் கசிவு உண்டா எனப் பார்த்தல் வேண்டும்.