உங்களுக்குத் தெரியுமா? ஜேம்ஸ் பாண்ட் மெட்டு ஓர் இந்தியக் கதைக்காகப் பிறந்தது!

பாண்ட் படங்களின் அந்தத் தீம் இசை முதலில் உளவாளிக்காகப் போடப்பட்டதல்ல. டிரினிடாட் தீவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன இந்தியர்களின் வம்சத்தைப் பற்றி வி.எஸ். நைபால் எழுதிய ‘எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்’ நாவலை இசை நாடகமாக்க முயன்றார்கள். அதற்காக இசையமைப்பாளர் மான்டி நார்மன் இந்தியச் சாயலில் போட்ட மெட்டு இது. நாடகம் மேடையேறவில்லை. 1962-ல் ‘டாக்டர் நோ’ படத்துக்கு அதையே எடுத்துக் கொடுத்தார். ஜான் பேரி ஆர்கெஸ்ட்ராவுக்கு அமைத்தார். கிட்டார் வாசித்தவர் விக் ஃபிளிக்.

மெட்டின் மிரட்டலெல்லாம் அடியில் ஊரும் நாலே சுரத்தில்தான்: பஞ்சமம், அங்கிருந்து அரைச்சுரம் அரைச்சுரமாக இரண்டு படி மேலே, ஒரு படி கீழே. கேட்பவருக்குத்தான் நெஞ்சு படபடக்கும்.

  

நம்மூர் உளவாளிப் படங்களுக்கு இசை யார்? ‘தென்னக பாண்ட்’ ஜெய்சங்கரின் ‘வல்லவன் ஒருவன்’ (1966) படத்துக்கு இசை வேதா; கமலின் ‘விக்ரம்’ (1986) படத்துக்கு இளையராஜா.

அந்தப் பாண்ட் மெட்டு யாருடையது என்ற சண்டை லண்டன் நீதிமன்றம் வரை போனது. 2001-ல் நார்மன் ஜெயித்தார்.