அமைச்சர் பொறுப்பிலிருந்து நீதிபதி இருக்கைக்கு: வி. ஆர். கிருஷ்ணய்யரின் பொதுவாழ்வு

கட்சி அரசியலில் இயங்கியவர் நீதிபதியாகும்போது அவரது நடுநிலைமை குறித்து ஐயம் எழுவது இயல்பு. அவ்வையத்தை ஆராய வி. ஆர். கிருஷ்ணய்யரின் (1915–2014) பொதுவாழ்வு தக்க சான்றாகும்.

பாலக்காட்டில் பிறந்த அவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னையில் சட்டமும் பயின்று, தலச்சேரியில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தார். 1948இல் பொதுவுடைமையருக்கு உதவியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறை சென்றார். மலபார் சென்னை மாநிலத்தின் பகுதியாக இருந்தமையால், 1952இல் சென்னைச் சட்டமன்றத்திற்குச் சுயேச்சையாகத் தேர்வானார். 1957இல் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு தலைமையிலான கேரள அமைச்சரவையில் சட்டம், சிறை உள்ளிட்ட துறைகளை ஏற்றார். 1959இல் அவ்வரசு நீக்கப்பட்டது. பின்னர் 1968இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதியாகவும், 1973இல் உச்சநீதிமன்ற நீதிபதியாகவும் அமர்த்தப்பட்டார்.

இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, விடுமுறைக்கால நீதிபதியாக இருந்த கிருஷ்ணய்யரிடம் முழுமையான தடையாணை கோரப்பட்டது. 1975 ஜூன் 24 அன்று அவர் நிபந்தனையுடன் கூடிய தடையையே வழங்கினார். இந்திரா பிரதமராகத் தொடரலாம். ஆனால் மக்களவை உறுப்பினராக வாக்களிக்கவோ ஊதியம் பெறவோ இயலாது. மறுநாள் இரவு நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. அவ்வாணை ஆளுங்கட்சியை நிறைவுசெய்யவில்லை. பதவி விலகல் கோரிய எதிர்க்கட்சியினரையும் நிறைவுசெய்யவில்லை.

எனினும், அவரது முன்வாழ்வு தீர்ப்புகளில் தடம் பதிக்கவில்லை என்று கூற இயலாது. கைதியாகவும் சிறைத்துறை அமைச்சராகவும் சிறையை அறிந்தவர் அவர். சுனில் பத்ரா வழக்கில் (1978), மரணதண்டனை பெற்றவரும் அடிப்படை உரிமைகளை முற்றிலும் இழப்பதில்லை என்னும் நெறி நிலைபெற்றது. அதே கைதி, மற்றொரு கைதி துன்புறுத்தப்பட்டது குறித்து எழுதிய கடிதமே பின்னர் மனுவாக ஏற்கப்பட்டது. பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் (1980), விசாரணைக் கைதிகளுக்கு வழக்கமாகக் கைவிலங்கிடுவது அரசமைப்புக்கு முரணானது என்று அவர் தீர்ப்பளித்தார்.

பெங்களூர்க் குடிநீர் வாரிய வழக்கில் (1978) 'தொழில்' என்னும் சொல்லுக்கு அவர் தந்த விரிந்த பொருள், கொள்கை வகுப்பது சட்டமன்றத்தின் பணியன்றோ என்னும் விவாதத்தை எழுப்பியது.

இவற்றை ஒருங்கே நோக்கின், நடுநிலைமை என்பது முன்வாழ்வு அற்றிருத்தல் அன்று என்பது புலனாகும். அம்முன்வாழ்வின் அறிவு, அரசமைப்புக்கு உட்பட்டு, எவரும் ஆராய்ந்து மறுக்கத்தக்க காரணங்களாகத் தீர்ப்பில் வெளிப்படுகின்றதா என்பதே அதற்குரிய அளவுகோலாகும்.