அரை லிட்டர் புட்டியில் 44 கிராம்

அரை லிட்டர் எஃகுப் புட்டி. உள்ளே 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு, அதாவது ஒரு மோல். வெப்பநிலை 300 கெல்வின். மின்விசிறி ஓடும் அறையின் சூடு. அழுத்தம் எவ்வளவு?

'பிவி ஈக்வல் டு என்ஆர்டி' என்று ஒப்பித்துக்கொண்டே பிளஸ் டூ மாணவர் 49 வளிமண்டலம் என்பார். உண்மையில் இருப்பது ஏறத்தாழ 38. மீதி 11 எங்கே போயிற்று?

ஒரு காலத்தில் இதை அளந்துதான் அறிய வேண்டியிருந்தது. 1870களின் கடைசியில் பிரெஞ்சு அறிஞர் எமில் அமகா, செயின்ட் எத்தியேன் பகுதி நிலக்கரிச் சுரங்கக் குழி ஒன்றில் 327 மீட்டர் உயரத்துக்குப் பாதரசத்தை நிறுத்தினார். 760 மில்லிமீட்டருக்கு ஒரு வளிமண்டலம். வகுத்துப் பாருங்கள், 430 வரும். ஒரு வாயுவின் அழுத்தத்தைச் சந்தேகமில்லாமல் சொல்ல ஒரு சுரங்கமே தேவைப்பட்டது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1873இல், லெய்டன் பல்கலைக்கழகத்தில் கொடுத்த ஆய்வேட்டில் வாண்டர் வால்ஸ் விடையின் எலும்புக்கூட்டை வரைந்துவிட்டார். தச்சர் மகன், பள்ளி ஆசிரியராக இருந்து மேலே வந்தவர். அவர் சொன்னவை இரண்டு. மூலக்கூறுகளுக்கும் இடம் வேண்டும். அவை ஒன்றையொன்று இழுக்கவும் செய்கின்றன; சுவரில் மோத ஓடுபவனை உடன் வந்தவர்கள் சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல.

நம் புட்டிக்கு வருவோம். 500 மில்லிலிட்டரில் சுமார் 43ஐ மூலக்கூறுகளுக்கென்று கழித்தால் அழுத்தம் 53.8 ஆக ஏறுகிறது. இழுப்புக்காக 14.4 கழித்தால் 39.4. ஏறியதைவிட இறங்கியது அதிகம், இந்த அழுத்தத்தில் இழுப்பின் கைதான் ஓங்கியிருக்கிறது. இன்னும் பல மடங்கு நெருக்கினால் இடப்பிரச்சினை வென்றுவிடும். இரண்டே எண்களை வைத்து இவ்வளவு கிட்டே வந்ததை நான் இன்றும் வியக்கிறேன்.

அழுத்தத்தைக் கொடுத்துக் கன அளவைக் கேட்டால்தான் தொல்லை. முப்படிச் சமன்பாடு. லாக் டேபிளைப் புரட்டி, ஒரு மதிப்பை ஊகித்து, போட்டுப் பார்த்து, திருத்தி, மறுபடி போட வேண்டியிருந்தது. நடுவில் ஒரு கழித்தல் குறி தவறினால் மாலையே போய்விடும்.

இன்று கூல்பிராப் என்ற இலவச நிரலில் ஒரே வரி. கண் இமைப்பதற்குள் விடை. வெப்பநிலையைக் கெல்வினில் தராமல் 27 என்று தட்டினால் மட்டும் திட்டும். கார்பன் டை ஆக்சைடுக்கு அது நம்பியிருப்பது 1996இல் ஸ்பான், வாக்னர் இருவரும் தந்த சமன்பாடு. அச்சிட்டால் பக்கத்தை அடைக்கும் நீளம். அளவீடுகளோடு பொருந்தும்படி தேர்ந்தெடுத்த உறுப்புகள், எண்கள். இதில் எது இடத்துக்கு, எது இழுப்புக்கு என்று அதனிடம் கேட்க முடியாது. குழாய் வடிவமைக்க எனக்கு அதுதான் வேண்டும். பாடம் நடத்த அது உதவாது.

எண்ணெய், எரிவாயுப் பொறியாளர்கள் நாள்தோறும் புழங்குவது 1976இல் வந்த பெங் – ராபின்சன் சமன்பாடு. அதன் முதல் உறுப்பின் கீழே இன்னும் அதே கழித்தல்தான் இருக்கிறது: கன அளவிலிருந்து மூலக்கூறுகளின் இடம்.