பேச்சில் தன்திருத்தம்

தன்திருத்தம் என்பது, பேசிக்கொண்டிருப்பவர் தாம் சொன்னதில் உள்ள பிழையைத் தாமே உணர்ந்து, அந்தப் பேச்சினூடாகவே மாற்றிச் சொல்வதாகும். கேட்பவர் திருத்தினால் அது பிறர்திருத்தம். தன்திருத்தம் பார்வைக்குத் தடுமாற்றம் போலத் தோன்றினாலும் மொழியின் இலக்கணத்துக்கு உட்பட்டே நடக்கிறது.

அமைப்பு

குன்றத்தூர் பேருந்து நிறுத்தத்தில் ஒருவர், “இந்த பஸ் பல்லாவரத்துக்கு... இல்ல, தாம்பரத்துக்குப் போகும்” என்று சொல்வதாகக் கொள்வோம். இதில் மூன்று பகுதிகள் உள்ளன:

1. திருத்தப்படுவது: பல்லாவரத்துக்கு
2. திருத்தக் குறிப்பு: இல்ல
3. திருத்தம்: தாம்பரத்துக்கு

நெதர்லாந்தைச் சேர்ந்த உளமொழியியலாளர் வில்லெம் லெவெல்ட், டச்சு மொழியில் 959 தன்திருத்தங்களை ஆராய்ந்து 1983இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். திருத்தப்படுவதையும் திருத்தத்தையும் ஓர் இணைப்புச் சொல்லால் சேர்த்தால் பிழையற்ற தொடர் அமைய வேண்டும் என்பது அதில் அவர் கூறும் விதி. தமிழில் இதை ஓகாரத்தால் சோதிக்கலாம். “பல்லாவரத்துக்கோ தாம்பரத்துக்கோ போகும்” என்பது பொருந்துகிறது. “பல்லாவரத்துக்கோ தாம்பரமோ போகும்” என்பது பொருந்தவில்லை. பேசுபவர் ஊர்ப்பெயரோடு உருபையும் சேர்த்துத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

உருபும் வினைமுற்றும்

“குன்றத்தூருக்கு, இல்ல, குன்றத்தூர்லேருந்து கிளம்பிட்டேன்” என்பதில் ஊர் சரி. உருபு மட்டுமே தவறு. ஆனாலும் ஊர்ப்பெயர் மீண்டும் வருகிறது. ஆங்கிலத்தில் இவ்விடத்துச் சொல் பெயருக்கு முன்னால் தனியாக நிற்பதால், பெயரைச் சொல்வதற்கு முன்பே அதை மாற்றிவிட முடியும். தமிழில் உருபு பெயரின் இறுதியில் ஒட்டுவதால், பிழை தெரியவரும்போது பெயர் சொல்லப்பட்டுவிட்டது. உருபை மாற்றப் பெயரையும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காலம், இடம், பால், மரியாதை ஆகியவற்றை வினைமுற்று காட்டுவதால் அவற்றின் திருத்தம் வாக்கியத்தின் முடிவில் நிகழ்கிறது. “உங்க மாமா நேத்தே வந்தான்... வந்தாரு” என்பதில் திருத்தக் குறிப்பே இல்லை, வினை மட்டும் மரியாதை வடிவில் மீண்டும் வருகிறது.

திருத்தக் குறிப்புகள்

- இல்ல: முன் சொன்னதை நீக்கி வேறொன்றை வைக்கும்.
- அதாவது: முன் சொன்னதை நீக்காமல் தெளிவாக்கும்.
- வந்து: வினைப்பொருளை இழந்து, சொல் தேடுவதற்கு நேரம் தரும்.

மரபிலக்கணத்தில்

தொல்காப்பியம் தன்திருத்தத்தை நேரடியாகப் பேசவில்லை. அதன் கிளவியாக்கம், ஐயத்துக்கு உரிய ஒன்றை மறுத்து உரைக்கும் ‘அன்மைக் கிளவி’யைக் கூறுகிறது. தொலைவில் தெரிவது மரக்கட்டையா மனிதனா என ஐயுற்றவர், பிறகு ‘கட்டை அன்று’ என்று தெளிவதை உரைகள் எடுத்துக்காட்டுகின்றன. எழுத்துத் தமிழில் ‘அன்று’, ‘அல்ல’ ஆகியவை செய்யும் இந்த மறுப்பைப் பேச்சில் ‘இல்ல’ செய்கிறது.

உரையாடலில் இடம்

இமானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன், ஹார்வி சாக்ஸ் ஆகியோர் 1977இல் வெளியிட்ட ஆய்வு, உரையாடலில் பிழையைத் திருத்தும் முதல் வாய்ப்பு பேசியவருக்கே கிடைக்கிறது என்று காட்டியது. கேட்பவர் பிழையைக் கவனித்தாலும் உடனே திருத்தாமல், “எங்க?”, “யாரு?” என்று கேட்டுப் பேசியவரிடமே அதை விட்டுவிடுவதுண்டு.

வகுப்பறைக்கு இது முக்கியமானது. தாமே நிறுத்தி மாற்றிச் சொல்லும் மாணவர், தம் பேச்சைத் தாமே கவனிக்கிறார்; சரியான வடிவமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆசிரியர் உடனே குறுக்கிட்டால் அந்த அறிவு வெளிப்பட இடமில்லாமல் போகும்.

பேச்சை எழுத்தாக்குவோரும் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். “நீலச் சட்டை, இல்ல, பச்சைச் சட்டை” என்று ஒரு சாட்சி சொன்னதைப் “பச்சைச் சட்டை” என்று மட்டும் எழுதினால் வாக்கியம் சீராகும். ஆனால் அவர் முதலில் வேறு நிறத்தைச் சொன்னார் என்ற செய்தி பதிவிலிருந்து மறைந்துவிடும்.