மைசூரும் வண்டலூரும்: விலங்குக்கு எது வசதி?

மைசூரு உயிரியல் பூங்காவைப் பார்த்துத் திரும்பும் தமிழகக் குடும்பங்கள் வண்டலூரைக் குறை சொல்வது வழக்கம். மைசூரில் எல்லா விலங்கும் கண்ணில் படுகிறது, வண்டலூரில் நடந்து நடந்து கால் வலிப்பதுதான் மிச்சம் என்பார்கள். பார்க்க வந்தவருக்கு அது நியாயமான மனக்குறை. அந்தக் கணக்கில் விலங்கின் வசதி சேரவில்லை.

மைசூரு பூங்கா 1892-இல் பத்தாம் சாமராஜேந்திர உடையார் காலத்தில் தொடங்கியது. இன்று அதன் பரப்பு 157 ஏக்கர். சுற்றிலும் நகரம் நெருக்கிவிட்டதால் அது பெரிதாக விரிய வழியில்லை. சென்னையில் 1855-இல் தோன்றிய பூங்கா, 1985-இல் வண்டலூர் காப்புக்காட்டுக்கு இடம் மாறியது. இங்கே 602 ஹெக்டேர், மைசூரைப் போல ஒன்பது மடங்குக்கும் மேல்.

இரண்டிலும் பெரிய விலங்குகளைப் பிரித்து வைப்பது அகழி. ஜெர்மனியின் கார்ல் ஹாகன்பெக் 1907-இல் ஹாம்பர்க் அருகே திறந்த பூங்காவால் புகழ்பெற்ற முறை இது. வறண்ட அகழியில் நம் பக்கம் செங்குத்துச் சுவர் இருக்கும். விலங்கின் பக்கம் சரிவாக இருந்தால், உள்ளே இறங்கினாலும் ஏறிவிடலாம். கம்பி இல்லாததால் அதைச் சுதந்திரம் என்று நினைத்துவிடுகிறோம். ஒதுங்க நிழலும் புதரும் இல்லாத வெறும் திடலில் நாள் முழுக்க நம் பார்வையில் நிற்கும் புலிக்கு அகழியும் சிறைதான். வண்டலூரில் விலங்கு மரத்துக்குப் பின்னால் மறைந்துவிடுகிறதே என்று நாம் சலித்துக்கொள்வதை, அந்த அமைப்பின் பலமாகவே நான் எண்ணுகிறேன்.

திடலை மட்டும் பார்த்து எடைபோடவும் முடியாது. பின்புறத்தில் இரவு தங்கும் அறைகள் உண்டு. அவற்றின் காற்றோட்டம், ஈரமில்லாத தரை, சண்டையிடும் விலங்குகளைப் பிரிக்க உதவும் கதவுகள், காப்பாளர் உள்ளே போகாமலே சிகிச்சை செய்ய வசதி எல்லாம் நம் கண்ணுக்குத் தெரியாதவை. புலியும் சிங்கமும் இரவைக் கழிப்பது அங்கேதான். இடநெருக்கடியுள்ள மைசூருக்கு நகரத்துக்கு வெளியே கூர்கள்ளியில் மீட்பு மையம் இருப்பது பெரிய உதவி. மனிதரோடு மோதலில் பிடிபட்ட சிறுத்தைகளைக் காட்சிக்கு வைக்காமலே பராமரிக்க அங்கே முடிகிறது.

துணையும் இந்த அமைப்பில் ஒரு பகுதி. மைசூரில் இருந்த போலோ, நாட்டிலேயே ஒரே கொரில்லாவாக நெடுங்காலம் தனித்து வாழ்ந்து 2014-இல் இறந்தது. எவ்வளவு நல்ல திடலும் அந்தத் தனிமைக்கு ஈடாகியிருக்காது. 2021-இல் ஜெர்மனியிலிருந்து தாபோ, டெம்பா என்ற இரண்டு ஆண் கொரில்லாக்கள் வந்தபோது, அவை சேர்ந்தே வந்தன.