பசியாற்றப் பிறந்த ருசிகள்

ஜப்பானுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்களிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி, "அங்கே சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?" என்பதுதான். பச்சை மீன்தான் கிடைக்கும், விலை கட்டுப்படியாகாது, பிள்ளைகள் தொடமாட்டார்கள் என்று பயமுறுத்தவும் பலர் உண்டு. பிள்ளைகளோடும், சைவம் மட்டுமே சாப்பிடும் அம்மாவோடும் ஒசாகா, கியோட்டோ, ஹிரோஷிமா என்று சுற்றி வந்த எங்கள் அனுபவம் வேறு. வீட்டில் இன்றும் நாங்கள் ஆசையோடு பேசுகிற பண்டங்கள் தெருவோரத்திலும் ரயிலிலும் சின்னக் கடைகளிலும் சாப்பிட்டவை. அவற்றில் பெரும்பாலானவை, கையில் காசு குறைவாக இருந்தவர்களின் பசியாற்றப் பிறந்தவை.

குழியில் உருளும் தகோயாகி

ஒசாகாவின் டோடோன்போரி கால்வாய்க் கரையில் விளக்குகள் எரியத் தொடங்கும் நேரத்தில், மாவு சுடும் மணம் தெருவெல்லாம் நிறைந்துவிடுகிறது. நம் பணியாரக்கல்லைப் போலக் குழிகள் நிறைந்த இரும்புக் கல்லில், சாறு கலந்த கோதுமை மாவை ஊற்றுகிறார்கள். அதில் ஆக்டோபஸ் துண்டு, வெங்காயத்தாள், ஊறிய சிவப்பு இஞ்சி. பிறகு நீண்ட ஊசியால் சுழற்றிச் சுழற்றி உருட்டுகிறார்கள். மேலே மெல்லிய மொறுமொறுப்பு, உள்ளே கொதிக்கும் குழைவு. கடைக்காரரின் கைவேகத்தைப் பார்த்தபடியே பிள்ளைகள் அசையாமல் நின்றார்கள்.

ஒசாகாவில் 'ஐசுயா' கடையை நடத்திய எண்டோ டொமேகிச்சி 1935-இல் உருவாக்கிய பண்டம்தான் இந்தத் தகோயாகி. முன்பு மாட்டிறைச்சி வைத்துச் சுட்டுவந்தவர், அகாஷி என்ற ஊரில் ஆக்டோபஸ் சேர்ப்பார்கள் என்று வாடிக்கையாளர் ஒருவர் சொல்லக் கேட்டு அப்படியே மாற்றினார். அந்தக் கடை இன்றும் நடக்கிறது. மாவிலேயே ருசி இருப்பதால், மேலே சாஸ் ஊற்றாத பழைய முறையை விடாமல் காக்கிறார்கள்.

சுற்றி வரும் சுஷி

சுஷியை ஆலைத் தொழிலாளியும் வயிறாரச் சாப்பிட வேண்டும் என்று நினைத்தவர் ஷிராய்ஷி யோஷியாகி. ஒசாகாவை ஒட்டிய ஊரில் சின்ன சுஷிக் கடை வைத்திருந்தார். விலையைக் குறைத்தார், கூட்டம் சேர்ந்தது. பரிமாறத்தான் ஆள் போதவில்லை. பீர் ஆலையில் பாட்டில்கள் பட்டையில் நகர்ந்து போவதைப் பார்த்தவருக்கு வழி பிறந்தது. 1958-இல் அவருடைய 'கென்ரோகு சுஷி' கடையில் தட்டுகள் தாமாகவே சுற்றி வந்தன. 1970-இல் ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சி அதை நாடு முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. பச்சை மீன் பிடிக்காவிட்டால் இனிப்பான முட்டை சுஷி, வேகவைத்த இறால், மக்காச்சோளம் என்று எத்தனையோ இருக்கின்றன. தொடுதிரையில் படத்தைப் பார்த்துத் தொட்டால் தட்டு மேஜைக்கே வந்து நிற்கிறது. 'குரா சுஷி' கடைகளில் காலித் தட்டை மேஜையிலுள்ள துளையில் போட வேண்டும். ஐந்து தட்டுக்கு ஒருமுறை திரையில் ஒரு விளையாட்டு வரும்; ஜெயித்தால் சின்னப் பொம்மை உருண்டு விழும். எங்கள் மகள் அங்கே கேட்டு வாங்கிச் சாப்பிட்ட அளவுக்கு வீட்டில் சாப்பிட்டதில்லை.

கொட்டகையில் பிறந்த நூடுல்ஸ்

ஒசாகாவின் வடக்கே இகேடா என்ற ஊரில் நூடுல்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஒசாகா ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த கள்ளச்சந்தையில், ஒரு கிண்ணம் ராமென் நூடுல்ஸுக்காகக் குளிரில் வரிசையில் நின்ற மக்களைப் பார்த்தார் மோமோஃபுகு ஆண்டோ. அந்தக் காட்சி அவர் மனத்தைவிட்டு அகலவில்லை. பின்னாளில் வீட்டுக் கொல்லைப்புறக் கொட்டகையில் இரவு பகலாக முயன்று, நூடுல்ஸை எண்ணெயில் பொரித்து ஈரம் போக்கும் வித்தையைக் கண்டுபிடித்தார். 1958-இல் உடனடி ராமென் விற்பனைக்கு வந்தது. 1971-இல் கப் நூடுல்ஸ்.

அந்தக் கொட்டகையை அப்படியே திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே போகக் கட்டணம் இல்லை. சிறு தொகை கொடுத்தால், பிள்ளைகள் தாங்களே கோப்பையில் படம் வரைந்து, 4 வகைச் சாறுகளில் ஒன்றையும் 12 வகைச் சேர்க்கைகளிலிருந்து நான்கையும் தேர்ந்தெடுத்துத் தங்கள் நூடுல்ஸைத் தயாரிக்கலாம். மொத்தம் 5,460 விதமாகச் சேர்க்க முடியுமாம்!

அம்மாவின் கியோட்டோ

சைவக்காரர்கள் ஜப்பானில் கவனமாக இருக்க வேண்டிய இடம் டாஷி என்னும் சாறு. காய்கறிப் பண்டத்திலும் பெரும்பாலும் அதுதான் அடிப்படை. அதில் சூரை மீனை வேகவைத்து, புகையில் உலர்த்திச் சீவிய செதில்கள் சேர்ந்திருக்கும். ஆகவே முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

அம்மாவின் வயிறும் மனமும் நிறைந்தது கியோட்டோவில்தான். அங்கே புத்த மடங்களின் ஷோஜின் ரியோரி சமையல் உண்டு. மீன், இறைச்சி கிடையாது. வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. கோன்பு என்ற கடற்பாசியும் உலர்ந்த ஷிடாகே காளானும்தான் சாற்றுக்கு ருசி தருகின்றன. நான்சென்ஜி கோயில் பக்கத்தில் யுடோஃபு பிரபலம்: கோன்பு போட்ட வெந்நீரில் மிதக்கும் வெண்மையான டோஃபுவை எடுத்துச் சாப்பிட வேண்டும். காரம் இல்லை, தாளிப்பு இல்லை. ஆனாலும் அதில் ஆழமான ஒரு ருசி தங்கியிருக்கிறது. கியோட்டோவில் பிறந்த வேதியியலாளர் கிகுனே இகேடா, 1908-இல் கோன்புவிலிருந்து குளூட்டாமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்து 'உமாமி' என்று பெயரிட்டது அந்த ருசிக்குத்தான். அம்மா ஒவ்வொரு துண்டாக, நிதானமாக, ரசித்துச் சாப்பிட்டார்.

ஹிரோஷிமாவின் அடுக்கு

போருக்கு முன் ஹிரோஷிமாவில் மாவைக் கரைத்து மெல்லியதாகச் சுட்டு, மலிவு விலையில் சிறுவர்களுக்கு விற்பார்கள். 1945 ஆகஸ்ட் 6-இல் அணுகுண்டு ஊரை அழித்தது. அரிசிக்குப் பஞ்சம், கிடைத்தது அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை மாவு. சிறுவர் தின்பண்டம் பெரியவர்களின் சாப்பாடாக வளர்ந்ததுதான் ஹிரோஷிமா ஒகோனோமியாகி. ஒசாகாவில் எல்லாவற்றையும் மாவோடு கலந்து சுடுவார்கள். ஹிரோஷிமாவில் மெல்லிய தோசை, அதன்மேல் மலையாக முட்டைகோஸ், முளைகட்டிய பயறு, பன்றி இறைச்சி, நூடுல்ஸ், முட்டை என்று அடுக்கி, அழுத்தி, சாஸ் தடவித் தருகிறார்கள். முட்டைகோஸ் தன் நீரிலேயே வெந்து இனிக்கிறது. நகரின் நடுவே 'ஒகோனோமிமுரா' என்ற கட்டடத்தில் மாடிக்கு மாடி இந்தக் கடைகள்தான். சூடான இரும்புத் தகட்டை ஒட்டி அமர்ந்து, சின்னக் கரண்டியால் வெட்டி வெட்டிச் சாப்பிட்டோம்.

மியாஜிமா தீவுக்குப் படகு ஏறும் இடத்தில், 1901 முதல் நடக்கும் 'உவேனோ' கடையில் கடல் விலாங்கைச் சுட்டுச் சோற்றின்மேல் பரப்பித் தரும் பொட்டலம் கிடைக்கும். ஆறிய பிறகும் ருசி குறையாத சோறு அது. ரயில் பயணத்துக்கென்றே பிறந்தது.

குடும்பத்தோடு ஜப்பான் போகிறவர்கள் பெரிய உணவகங்களுக்கு ஒரு வேளையை ஒதுக்கினால் போதும். மற்ற வேளைகளில், சமைப்பவரின் கையைப் பார்க்க முடிகிற கடைகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். எண்டோவும் ஷிராய்ஷியும் ஆண்டோவும், சாதாரண மனிதரும் குறைந்த காசில் நல்ல ருசியோடு சாப்பிட வேண்டும் என்று பாடுபட்டவர்கள். அந்த அக்கறை இன்றும் அந்தக் கடைகளில் இருப்பதால்தான், குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் அங்கே ஓர் இடம் எப்போதும் இருக்கிறது.