சிலிண்டர் எந்த முகவரியில் இருக்கிறது?

நெய்வேலி என்.எல்.சி.யில் பணி ஓய்வு என்றால் வீடு மாறுவதும்தான். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வடக்குத்திலோ இந்திரா நகரிலோ கட்டி வைத்த வீட்டுக்குச் சாமான்கள் போகும். பீரோ, கட்டில், கிரைண்டரோடு சிலிண்டரும் அடுப்பும் வண்டியில் ஏறும். ரேஷன் கார்டிலும் வங்கிக் கணக்கிலும் முகவரி மாற்றப்படும். கேஸ் புத்தகத்தில் மட்டும் டவுன்ஷிப்பின் பழைய வட்டம் எண்ணும் பழைய கதவு எண்ணும் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். சிலிண்டர் போடுகிற தம்பிக்குப் புது வீடு தெரியும், போன் செய்தால் கொண்டுவந்து தருகிறார், அப்புறம் என்ன என்று விட்டுவிடுகிறோம்.

வீட்டு கேஸ் இணைப்பு வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்று நிறுவனங்களும் காப்பீடு எடுத்திருக்கின்றன. இதற்கு நாம் தனியாகப் பணம் கட்டுவதில்லை. அதனாலேயே பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கேஸ் காரணமாக மூண்ட தீயில் உயிரிழந்தால் ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய். காயம்பட்டவர்களின் சிகிச்சைக்கு ஒரு விபத்துக்கு 30 லட்சம் வரை, அதில் ஓர் ஆளுக்கு 2 லட்சத்துக்கு மேல் போகாது. வீடும் பொருளும் சேதமானால் 2 லட்சம் வரை. இந்தக் கடைசித் தொகைக்குத்தான் ஒரு நிபந்தனை: சேதமானது இணைப்பு பதிவாகியிருக்கும் முகவரியிலுள்ள வீடாக இருக்க வேண்டும். ஓய்வுப் பணத்தைக் கொட்டிக் கட்டிய வீட்டின் சமையலறை கருகிப்போய், புத்தகத்தில் இன்னும் பழைய குவார்ட்டர்ஸ் முகவரியே இருந்தால் அந்தத் தொகை கைக்கு வருவது கடினம். ஏஜென்சியில் முகவரிச் சான்று கொடுத்தால் மாற்றிவிடுவார்கள். புது வீடு வேறு ஏஜென்சியின் எல்லைக்குள் இருந்தால் இணைப்பையே அங்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

விபத்து நடந்தால் முதலில் எழுத வேண்டியது காப்பீட்டு நிறுவனத்துக்கு அல்ல, உங்கள் ஏஜென்சிக்கு. எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். எண்ணெய் நிறுவனத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் சொல்வது ஏஜென்சியின் வேலை. காவல் நிலைய எஃப்.ஐ.ஆர்., தீயணைப்புத் துறை அறிக்கை, மருத்துவமனைச் சீட்டுகள், பில்கள் எல்லாம் தேவைப்படும். மந்தாரக்குப்பம் பக்கம் வீட்டோடு சேர்ந்து டிபன் கடை நடத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 14.2 கிலோ சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டுமே. அதைக் கடையில் எரிப்பது விதிமீறல். அங்கே விபத்து நடந்தால் காப்பீடு கேட்கும்போது முதல் ஆட்சேபம் அதுவாகத்தான் இருக்கும்.

ஆலைக்குள் நடக்கும் தீ விபத்து என்றால் இந்த ஊருக்கு என்னவென்று தெரியும். 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல் மின் நிலையத்தின் பாய்லரில் ஏற்பட்ட விபத்தில் அந்த இடத்திலேயே ஆறு பேர் இறந்தார்கள். மருத்துவமனையில் இறந்தவர்கள் தனி. அதே ஆண்டு மே மாதமும் அங்கே ஒரு பாய்லர் விபத்து நடந்திருந்தது. விசாரணைக் குழு வந்தது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து கையில் எடுத்தது, இழப்பீடு அறிவிக்கப்பட்டது. வீட்டுச் சமையலறைத் தீக்கு எந்தக் குழுவும் வராது. ஆலையில் பெர்மிட் இல்லாமல் ஒரு வால்வைத் தொடாதவர், வீட்டுக்கு வந்தால் ரெகுலேட்டர் கசிகிறதா என்று தீக்குச்சி கிழித்துப் பார்க்கிறார். இது எனக்கு இன்னும் புரியாத விஷயம்.

கசிவைப் பார்க்க சோப்பு நுரை போதும். கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு பரவி, மேடைக்கு அடியிலும் மூலையிலும் தேங்கும். அதனால் சன்னலை மட்டும் திறந்தால் போதாது, கதவையும் திறந்து வைக்க வேண்டும். வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். போடுவது மட்டுமல்ல, அணைப்பதும் பொறியை உண்டாக்கும். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டரின் பிளாஸ்டிக் மூடியை அழுத்திப் போட்டு, வெளியே வெட்டவெளியில் நின்று 1906 எண்ணுக்குப் பேசுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். அந்த மூடியை நூலோடு அறுத்து எறிந்துவிடுகிற வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அதை விட வேண்டும்.

சிலிண்டர் வாங்கும்போது எடை போட்டுக் காட்டச் சொல்லவும், வால்வுக்குள் இருக்கும் வாஷர் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஏ, பி, சி, டி என ஓர் எழுத்தும் ஆண்டும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, டி என்றால் கடைசி மூன்று மாதம். அந்தக் காலம் தாண்டிவிட்ட சிலிண்டரை வாங்க வேண்டாம், திருப்பி அனுப்புங்கள். ஆரஞ்சு நிற டியூப்புக்கு ஆயுள் ஐந்து ஆண்டு. தேதி அதிலேயே அச்சாகியிருக்கும்.

அப்பளம் பொரிக்கும்போது எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் ஒரே கணத்தில் ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரை வரை வீசும். அடுப்பை அணைத்து ஒரு தட்டைப் போட்டு மூடினால் தீ அடங்கிவிடும்.

பழைய குவார்ட்டர்ஸ்களின் வயரிங் ஒரு மின்விசிறி, இரண்டு விளக்கு, ஒரு ரேடியோ இருந்த காலத்தில் போட்டது. இன்று அதே வயரில் ஏசி, கீசர், இண்டக்ஷன் அடுப்பு எல்லாம் ஓடுகின்றன. அடிக்கடி ஃபியூஸ் போகிறதென்று கட்டையில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைப்பது ஊரறிந்த வைத்தியம். ஃபியூஸ் போகாது, சுவருக்குள் வயர்தான் உருகும். ஏசிக்குத் தனி லைன், தனி எம்.சி.பி. வேண்டும். ஆர்.சி.சி.பி. எனப்படும் 30 மில்லியாம்ப் டிரிப்பர் மின் கசிவைக் கண்டதும் துண்டித்துவிடும். ஆனால் அதிக லோடைத் தடுப்பது எம்.சி.பி.யின் வேலை, இரண்டும் வேண்டும். டவுன்ஷிப்புக்குள் மின்சாரமும் பராமரிப்பும் என்.எல்.சி.யின் பொறுப்பு. பிளக் கருகிய வாடை வந்தால் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராமல், புகாரைப் பதிந்து எண்ணைக் குறித்து வையுங்கள். நாளை ஏதாவது ஆனால் அந்த எண்தான் சாட்சி. இ-ஸ்கூட்டரை இரவு முழுக்க வீட்டுக்குள் சார்ஜ் போடாதீர்கள். 2022 மார்ச்சில் வேலூரில் அப்படிப் போட்ட வண்டி தீப்பிடித்ததில், தூங்கிக்கொண்டிருந்த தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்துபோனார்கள். தீக்கு முன்பு புகைதான் ஆளைச் சாய்க்கும். புகை சூழ்ந்த அறையிலிருந்து தவழ்ந்து வெளியேறச் சொல்வது அதனால்தான். நல்ல காற்று தரையோரம் மிஞ்சியிருக்கும்.

டவுன்ஷிப் சுவருக்கு வெளியே நிலைமை வேறு. நிரந்தரப் பணியாளர் கான்கிரீட் கூரையின் கீழ் தூங்க, அவரோடு ஒரே ஷிப்டில் வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளி கீற்றுக் கூரையின் கீழ் தூங்கும் ஊர்களும் இங்கே உண்டு. விறகடுப்பு, முந்திரிச் சருகு, முந்திரி ஓடு எல்லாம் கூரைக்கு அருகே. முந்திரி ஓட்டில் எண்ணெய் இருப்பதால் குபீரென்று எரியும். பழுப்பு நிலக்கரியை மூட்டையாகக் கட்டி வீட்டோரம் வைப்பதும் ஆபத்து. வெட்டியெடுத்த கரியில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். அது காய்ந்து தூளாகும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துத் தானே சூடேறும், யாரும் பற்ற வைக்காமலே புகையும். சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது பாலபாடம். கீற்று எவ்வளவு வேகமாக எரியும் என்பதை 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளை இழந்து அறிந்தோம். சத்துணவுக் கூடத்தில் கிளம்பிய தீ அது. கூரையை மாற்ற வழி இருக்கிறது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறார்கள். குடிசை பற்றிய கணக்கெடுப்பில் உங்கள் வீடு இருக்கிறதா என்று ஊராட்சியில் கேளுங்கள், கிராம சபையிலும் எழுப்புங்கள்.

தீப்பிடித்துவிட்டால் 101 அல்லது 112. டவுன்ஷிப்பில் எல்லாத் தெருவும் ஒன்றுபோல இருக்கும், ‘ஆர்ச் கேட் பக்கம்’ என்று மட்டும் சொன்னால் வண்டி சுற்றிக்கொண்டிருக்கும். வட்டம் எண், சாலைப் பெயர், அருகிலுள்ள பள்ளி அல்லது கோயில் இவற்றைச் சொல்லி, ஓர் ஆளைத் தெருமுனையில் நிறுத்துங்கள். சுட்ட காயத்தில் ஓடும் தண்ணீரை இருபது நிமிடம் விடுங்கள். இட்லி மாவு, பற்பசை, மை எதுவும் வேண்டாம். பிறகு 108.

குடிசை எரிந்தால் இடிபாட்டை அள்ளுவதற்கு முன் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரை நேரில் பார்க்க அழையுங்கள். அவருடைய அறிக்கையின் பேரில்தான் தாசில்தார் நிவாரணம் தருவார். பழுதான அடுப்போ பேட்டரியோ காரணம் என்றால் தயாரித்தவரிடமும் விற்றவரிடமும் இழப்பீடு கேட்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வழி தருகிறது. பில் இருக்க வேண்டும். முதலில் 1915 எண்ணில் புகார் பதியலாம். கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். வழக்கறிஞர் வேண்டும், செலவழிக்க முடியாது என்பவர்கள் சட்ட உதவிக்கு 15100 எண்ணை அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் அந்த உதவி இலவசம்.